ஞானம்மாவின் செருப்பு

கேமராவைப் பைக்குள்ளயே வைங்க சார். உள்ள விட மாட்டாவ. வாசல்ல போர்டு இருக்கு, வேப்பங்கொப்பு மறைச்சிருக்கிறதால இங்கேருந்து தெரியாது. 'ஆலயத்திற்குள் புகைப்படம் எடுக்கக் கூடாது.' அந்தப் போர்டு எனக்காக வச்சது, பாத்துக்கிடுங்க. எனக்கு மட்டும். கல்யாணத்துக்கு வாரவன் செல்லை நீட்டிக்கிட்டு பீடம் வரைக்கும் போறான், அவனை ஒரு சொல் சொல்ல மாட்டாவ.

எம்பேரு சிங்கராயன். அந்தா, எதுத்த மாடியில ராயன் ஸ்டூடியோ, நம்மதுதான். சாயங்காலம் வெயில் எறங்குற வரைக்கும் இந்த டீக்கடையிலதான் கெடப்பேன். இப்ப நீங்க உள்ள போய்ப் பாத்தியன்னா, மேக்குச் சன்னல் வழியா வெயில் விழுந்து, நாலாவது தூணுக்குப் பக்கத்துல தரையில சிவப்பும் நீலமுமாக் கெடக்கும். அந்த வெளிச்சத்துக்காகத்தான நீங்களும் வந்திருக்கிய. பையைப் பாத்தாலே தெரியுது. உக்காருங்க. மாஸ்டர், சாருக்கு ஒரு டீ, சீனி கம்மியா.

கோயிலுக்குள்ள படம் எடுக்கிறதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு சார். இந்த ஊர்ல அது எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒருத்தனுக்கும் தெரியாது. ஃபிளாஷ் போட மாட்டேன். சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றம் நேரத்துல கேமராவைத் தொட மாட்டேன். பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் திருப்பக்கூட மாட்டேன். ஜெபிக்கிறவங்க முன்னால போயி நிக்க மாட்டேன், தூணுக்குப் பின்னால ஓரமா, இருக்கிற எடம் தெரியாம நிப்பேன். கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னு சில பேரு சொல்லுதாவ. ஜெபத்துல இருக்கிறவங்க தோளைத் தட்டி 'உங்களை எடுத்துக்கிடட்டுமா'ன்னு கேக்கிறதா மரியாதை? ஜெபம் கலைஞ்சிராதா? நான் கேக்க மாட்டேன்.

எடுக்கிறது பாதிதான், மீதி கம்ப்யூட்டர்ல. பிஷப் வீட்டு மாடிப்படியில பழைய எண்ணெய்ச்சாயப் படம் ஒண்ணு தொங்கும், சின்னப்பிள்ளையில அப்பா கூட்டிட்டுப் போயி காட்டியிருக்காவ. ஒரே இருட்டு, இருட்டுக்குள்ள ஒரு முகம். எனக்கு அப்படி வரணும். ஆனா நம்ம கோயிலுக்குள்ள என்னல்லாம் கெடக்கு? பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்பீக்கர் பொட்டி, ஃபேனு. டியூப்லைட்டுல உபயம் இன்னார்னு எழுதி எழுதியே பாதி வெளிச்சம் வெளிய வராது. அதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துட்டு, சுவரை இருட்டாக்கி, முகத்துல மட்டும் பிரஷ்ஷால வெளிச்சத்தைத் தடவணும். வாரக்கணக்குல உக்காருவேன். ஆனா பொய்யா எதையும் கூட்டுறதில்ல சார். சுத்தம் பண்ணுதேன், அவ்வளவுதான். கோயிலைத் தூத்துப் பெருக்குற மாதிரி.

கனி விசயம் உங்களுக்குத் தெரியாதோ? பேப்பர்லகூட வந்துச்சே. சரி, நானே சொல்லுதேன். ஊர் வாயை மூட உலைமூடி கெடையாது. நாலு பேரு நாலு விதமாச் சொல்லுறதுக்கு முன்னால நடந்ததை நடந்தபடி கேட்டுக்கிடுங்க.

பேச்சிக்கனின்னு பேரு, கனின்னுதான் கூப்பிடுவோம். கீழத்தெரு. கருவூலத்துல இளநிலை உதவியாளர். பரீட்சை எழுதி வாங்குன வேலை, அதை ஒத்துக்கிடணும். புருசன் கெடையாது, செத்துட்டான். ஒரே மக, பாளையங்கோட்டையில காலேஜ்ல படிச்சிக்கிட்டு இருந்தா. அம்மா ஞானம்மா. ஞானம்மா எங்க கோயில்தான், தினமும் வருவா. ஆனா மகளுக்கு ஞானஸ்நானம் கெடையாது. அப்பன் அம்மன் கோயில் ஆளு, மகளைத் தன் வழியில வளத்துட்டான். கல்யாணமும் அம்மன் கோயில்லதான் நடந்துச்சு.

சர்டிபிகேட்ல இந்து, எஸ்.சி. அந்த ஒதுக்கீட்டுலதான் அவளுக்கு வேலை. அவங்க ஆளுகளுக்கு அப்படி ஒரு சட்டம் இருக்குல்லா, வேதத்துக்கு வந்து கிறிஸ்தவமாயிட்டா எஸ்.சி. போயிரும், பி.சி.ன்னு ஆயிரும், அதுல வாங்குன வேலையும் போயிரும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. நாங்க கோயில்ல இருந்தாலும் பி.சி.தான், இல்லாட்டாலும் பி.சி.தான். எம்மவனும் கவர்மெண்ட் வேலையிலதான் இருக்கான், ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டதில்ல.

சாதி பாக்கேன்னு நினைச்சிராதிய. எங்க கோயில்ல அதெல்லாம் கெடையாது. எங்க தாத்தா காலத்துல அவங்க தெக்குப் பக்கம் தனியா உக்காந்தாவ. இப்ப யாரும் யாரையும் அங்க போன்னு சொல்லுறதில்ல, அவங்களாத்தான் போயி உக்காருதாவ. கல்லறைத் தோட்டத்துல குறுக்க ஒரு சுவர் இருக்கு. அது பழைய சுவர் சார், இடிக்க யாருக்கு நேரம் இருக்கு?

எதுல விட்டேன்? ஆங், ஞானம்மா. அவளுக்குச் சுகர். வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாச்சு. அதுக்குன்னு எம்.சி.ஆர். செருப்புன்னு குடுப்பாவல்லா, மெத்துன்னு, பின்னால வார் வச்சி. அதை ஒரு தடவை கோயில் வாசல்ல விட்டுட்டுப் போயி, எவனோ தூக்கிட்டான். அதுலேருந்து கனி ஆபீஸ் விட்டு நேரா வந்து, அம்மாவைக் கைத்தாங்கலா உள்ள கூட்டிட்டுப் போயி முன்னால உக்கார வச்சிட்டு, செருப்பை ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு அந்த நாலாவது தூண்ல சாஞ்சி நிப்பா. முழந்தாள் போட மாட்டா, சிலுவை போட மாட்டா. அம்மா எந்திரிக்கிற வரைக்கும் சும்மா பீடத்தைப் பாத்துக்கிட்டு நிப்பா. நாள் முழுக்க பில் பாத்த களைப்பு இருக்கும்ல.

ஒருநாள் அந்த வெளிச்சம் அவ முகத்துல விழுந்துச்சு சார். நான் எத்தனையோ முகம் பாத்திருக்கேன். அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. அழுகைன்னும் சொல்ல முடியாது, அமைதின்னும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவைதான் அமுக்குனேன்.

அப்புறம் உக்காந்தேன் பாருங்க, சாப்பாடு தண்ணி இல்லாம. ஞானம்மா முதுகு முன்னால மறைச்சிச்சு, எடுத்துட்டேன். கனி நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு, நல்ல சிவப்பு. பழைய எண்ணெய்ப் படத்துல பொட்டு வருமா? கண்ணு நேரா அங்கதான் போகுது. அதையும் எடுத்துட்டேன். முந்தானையை லேசாத் தலைக்கு மேல ஏத்திவிட்டேன். அப்புறம் கை. கையில செருப்பு. நீங்களே சொல்லுங்க, நற்கருணை இருக்கிற எடத்துல கையில செருப்போட ஒரு பொம்பளையக் காட்டலாமா? அதை எடுத்தா, விரலெல்லாம் எதையோ பிடிக்கிற மாதிரி மடங்கி நிக்குது. எங்கம்மா ஜெபமாலையை மேசையில வச்சித் தனியா ஒரு படம் எடுத்து, அந்த விரலுக்குள்ள விட்டேன். அவளுக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்திச்சு சார்.

சென்னையில ஒரு போட்டிக்கு அனுப்புனேன். முதப் பரிசு. 'ஒரு கிறிஸ்தவ மகளின் ஜெபம்'னு பேரு வச்சிருந்தேன். மேடையில ஒரு பெரியவர் எனக்குச் சால்வை போட்டு, 'இவர் போட்டோகிராபர் இல்ல, ஓவியர்'ன்னாரு. ஆயுசு முழுக்க கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸுன்னு எடுத்தவன் நான். அன்னைக்கு அழுதுட்டேன். பெறகு ஒரு மாதப் பத்திரிகை அட்டையிலயே போட்டான்.

ஒரு காப்பி ஃபிரேம் போட்டு நானே அவங்க வீட்டுக்குக் கொண்டு போனேன். யாரு செய்வா இப்படி? ஞானம்மா பாத்துட்டு, 'எம்மவ மாதா மாதிரில்லா இருக்கா'ன்னா. கண்ணுக்குக் கிட்ட வச்சிப் பாத்துட்டு, 'நான் முன்னாலதான இருந்தேன், என்னைய எங்கய்யா?'ன்னு கேட்டா. 'நீ மறைக்கிறம்மா'ன்னேன். சிரிச்சிக்கிட்டா. கனி கதவுல நின்னு பாத்தா. கையை நெத்திக்குக் கொண்டு போயி பொட்டு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டா. பிடிச்சிப் போச்சு போலன்னு நெனச்சிக்கிட்டு வந்துட்டேன்.

அவ ஆபீஸ்ல ஒருத்தன். பிரமோஷன்ல அவளுக்கு அடுத்தவன். அந்த அட்டையை வெட்டி மனுவோட வச்சி மேல அனுப்பிட்டான். இவ கிறிஸ்தவம், இந்துன்னு ஏமாத்தி வேலை பாக்கான்னு. மத்ததெல்லாம் அவ பக்கம்தான் இருந்துச்சு. பேரு, கல்யாணம், மக பேரு, எல்லாம். ஞானஸ்நானப் பதிவுலயும் பேரு கெடையாது. அம்மா கோயிலுக்குப் போனா மகளும் போறான்னு ஆயிருமான்னு கேட்டிருக்கா. அதுக்குத்தான் அந்தப் படத்தை நீட்டியிருக்கான்.

ஸ்டூடியோவுக்கு வந்தா. நல்ல மழை அன்னைக்கு. உக்காருன்னேன், உக்காரல.

"அண்ணாச்சி, அன்னைக்கு என் கையில என்ன இருந்துச்சு?"

"ஏன் கேக்க?"

"எங்கம்மா செருப்பு அண்ணாச்சி. உங்களுக்கு மறந்திருக்காது. முதல்ல எடுத்த படம் உங்ககிட்ட இருக்கும்லா, அதைக் குடுங்க. இல்லன்னா நேர்ல வந்து ஒரு வார்த்தை, இது நான் வரைஞ்சதுன்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும்."

அது எப்படிச் சொல்ல முடியும் சார்? போட்டியில ஒரு விதி இருக்கு. வெளிச்சத்தைத் திருத்திக்கிடலாம், படத்துல எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நான் போயி மாத்துனேன்னு சொன்னா பரிசைப் பிடுங்கிருவான். அதுகூடப் போகட்டும். ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வச்சிருக்காவ எனக்கு. அந்தச் சால்வை போட்ட மனுசன் என்ன நினைப்பாரு?

"கனி, செருப்பைக் கையில வச்சிக்கிட்டு கோயிலுக்குள்ள நின்னேன்னு வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம். நான் உன்னைய எவ்வளவு மரியாதையாக் காட்டியிருக்கேன்"னு பக்குவமா எடுத்துச் சொன்னேன்.

"அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. எம்பிள்ளை படிப்பு முடியிற வரைக்குமாவது எனக்கு இந்த வேலை வேணும்."

நகர மாட்டேங்கா. சேலையில இருந்து தண்ணி சொட்டி தரையெல்லாம் ஈரம், கீழ பூரா வயரு கெடக்கு. 'அந்தப் படம் அழிஞ்சிட்டு'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற என்ன செய்ய? சமைச்சிப் பரிமாறுன பெறகு, ஆக்காத அரிசியக் கொண்டாங்கிறதுல என்ன நியாயம்?

அடுத்தால ஃபாதர் வந்தாரு. அமலதாஸ்னு பேரு, புதுசா மாத்தலாகி வந்தவரு. 'ராயர், அந்தப் பொண்ணு கையில செருப்பை நானே பீடத்துலேருந்து தினமும் பாக்கேன். நான் போயிச் சொன்னா, சாமியார் தன் ஆளைக் காப்பாத்தப் பொய் சொல்லுதாருன்னுதான் எடுத்துக்கிடுவாங்க. நீங்க சொல்லணும். நீங்க சொன்னா நிக்கும்'ன்னாரு. சாமியாரே வந்து கேட்டாவன்னா நம்ம படத்துக்கு எவ்வளவு பலம்னு பாத்துக்கிடுங்க. 'கேட்டா உள்ளதைச் சொல்லுதேன் ஃபாதர்'ன்னேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டாவ. போனேன். கனி எதுத்தாப்புல உக்காந்திருந்தா. நெத்தி நெறைய குங்குமம். விசாரிச்ச அதிகாரி அதைப் பாத்துட்டு, 'இன்னைக்குன்னு பெருசா வச்சிட்டு வந்திருக்கீங்கம்மா'ன்னு சிரிச்சாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. மடியில கனம் இல்லன்னா வழியில எதுக்குப் பயம், எப்பவும் போல வரவேண்டியதுதான.

என்கிட்டப் படத்தை நீட்டி, 'இது நீங்க கோயில்ல எடுத்ததுதானா, இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?'ன்னாரு. கனி என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா. 'ஆளு உண்மை, கோயில் உண்மை, வெளிச்சம் உண்மை. என் படத்துல பொய் கெடையாது சார்'ன்னேன். அதிகாரி எந்திரிச்சி எனக்குக் கை குடுத்தாரு. 'நல்ல படம்'ன்னாரு.

சர்டிபிகேட்டை ரத்து பண்ணிட்டாவ. வேலை போச்சு. மதுரையில அப்பீல் நிக்குது, எப்ப வரும்னு தெரியாது. அந்த மகளும் காலேஜை விட்டுட்டு ஜவுளிக்கடையில நிக்கான்னு சொல்லிக்கிட்டாவ. பாவந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா மனுப் போட்டது நானா? சட்டம் போட்டது நானா? அவனைக் கேக்காம, ஃபாதர் அடுத்த ஞாயித்துக்கிழமையே இந்தப் போர்டை மாட்டிட்டாரு. பிரசங்கத்துல எம்பேரைச் சொல்லல. ஆனா எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாவ. எங்க தாத்தா மணி வாங்கிக் குடுத்த கோயில் சார் இது. அங்க நான் கேமரா இல்லாம, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த வலி யாருக்குத் தெரியும்?

டீயைக் குடிங்க, ஆறுது.

போன ஆவணியில ஞானம்மா செத்துப் போனா. கால் புண்ணு மேல ஏறிட்டு, மருந்து ஒழுங்கா வாங்கல போல. பெட்டி கோயிலுக்குள்ள வந்துச்சு, பூசை வச்சாவ. மக எங்க நின்னா தெரியுமா? இங்க. நீங்க உக்காந்திருக்கியல்லா, இந்த பெஞ்சுக்குப் பக்கத்துல. கேஸ் முடியிற வரைக்கும் கோயில் படியை மிதிக்கக் கூடாது, எவனாவது படம் எடுத்துருவான்னு வக்கீல் சொல்லிட்டானாம். பேத்தியையும் அனுப்பல, பக்கத்துல பிடிச்சி நிறுத்தியிருந்தா. உள்ள பாடுறது இங்க நல்லாக் கேக்கும். பூசை முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னாவ.

முடிஞ்சதும் ஃபாதர் பெட்டியை வாசல் வரைக்கும் கொண்டு வரச் சொல்லி, முகம் இந்தப் பக்கம் தெரியிற மாதிரி சரிச்சிப் பிடிக்கச் சொன்னாரு. அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே நடுவுல பஸ் வந்து நின்னுட்டு. அது ஆளை ஏத்திட்டுப் போறதுக்குள்ள அங்க பெட்டியைத் தூக்கிட்டாவ. அவ்வளவுதான்.

எனக்கு மனசே ஆறல சார். பெத்த தாய் சாவுக்குக் கோயிலுக்குள்ள காலெடுத்து வைக்காதவ என்ன மக? உண்மையான விசுவாசம் இருந்தா, வேலையாவது மண்ணாவதுன்னு ஓடி வந்திருக்க மாட்டாளா? அன்னைக்கு அந்த முகத்துல நான் பாத்தது பொய்யா?

நான் மாடியில ஸ்டூடியோ சன்னல்ல நின்னேன். பெரிய லென்ஸ் போட்டு எடுத்தேன். துக்க வீட்டுக்காரங்க, கிட்டப் போனா மரியாதை இல்ல. போர்டு கோயிலுக்குள்ளதான, ரோட்டுக்கு இல்லியே. இருங்க, காட்டுதேன், செல்லுல இருக்கு. கண்ணாடி கொண்டு வரல, நீங்களே தள்ளிப் பாருங்க. இன்னும் தள்ளுங்க. இன்னும்.

அது இல்ல. அது வேண்டாத படம். முதல்ல எடுத்ததுன்னு சொன்னேம்லா, அதான், தூண்ல சாஞ்சி நிக்கா. அழிக்க மனசு வரல, எம்படம்லா. தள்ளுங்க.

ஆங், இதான். பாத்தியளா? இதுல நான் ஒண்ணையும் தொடல. டீக்கடை போர்டு, பஸ்ஸுப் புகை, எல்லாம் அப்படியே இருக்கு. பொட்டு இருக்கு. கையில பாருங்க, ஞானம்மா செருப்பு. பெட்டிக்குள்ள வைக்கணும்னு கொண்டு வந்திருப்பா, உள்ள குடுத்துவிட ஆளில்ல. அதைக்கூட எடுக்கல நான். இந்த வருசம் போட்டிக்கு இதைத்தான் அனுப்புதேன்.

என்ன சார், மறுபடியும் பின்னால தள்ளுதிய? அந்தப் பழைய படத்துல என்ன இருக்கு? அதையே பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கிய. அதுல வெளிச்சம்கூடச் சரியில்ல. செல்லைக் குடுங்க. சார், செல்லைக் குடுங்க.